வள்ளியின் தூண்

அந்தமானில் பாராடாங் தீவுக்கு ரோடு வராத காலம். என் கணவருக்கு அங்கே வனத்துறையில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே, ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்து குடியேறியவர்கள் மாதாகோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு படாக் மரத்தூண் கொண்டுவந்து கோயிலில் நடுவது அவர்கள் வழக்கம். ஆணி கப்பலில் வந்தால்தான் உண்டு என்பதால் மரமுளை அடித்தே எல்லாவற்றையும் இணைத்தார்கள். என் மகள் வள்ளி நாள் முழுக்க அங்கேதான். முளை எடுத்துக் கொடுப்பாள். முன்னி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கடல் கொந்தளித்ததால், பெரிய ஆஸ்பத்திரி இருந்த போர்ட் பிளேருக்குப் படகு போகவில்லை. படகு போன அன்று வள்ளி இல்லை.

சில வாரங்கள் கழித்து, கோயில் தச்சர் சைமன் வாசலில் வந்து நின்றார். சாத்தம் மரமில்லில் தமிழர்களோடு வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார்; அக்கா என்பதற்கு மட்டும் தீதி என்பார்.

"தீதி, எல்லா வீட்டுக்கும் தூண் நட்டாச்சு. முன்னிக்கும் ஒண்ணு நட்டிருக்கு. வந்து பாருங்க."

"நாங்க முருகனைக் கும்பிடுறவங்க அண்ணா."

"தெரியும் தீதி. முன்னி எங்களோட வேலை செஞ்சா இல்ல?"

கோயில் படிக்கட்டின் ஓரத்தில், கைப்பிடிக்காக நட்ட குட்டைத் தூண் அது. உள்ளே போய்விட்டுப் படியிறங்கும்போது தன்னால் அதன் தலையில் கை வைத்தேன். என் இடுப்பு உயரம். வள்ளியின் தலை இருந்த உயரம். சைமன் அளந்துதான் வைத்தாரா என்று தெரியாது. அதுவரை வராத அழுகை, அந்தப் படியில் உட்கார்ந்ததும் வந்தது.

பிறகு மாற்றலாகி மெயின்லேண்டுக்கு வந்துவிட்டோம். இன்றும் எந்தப் படியில் இறங்கினாலும் என் இடது கை அந்த உயரத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இருப்பதில்லை.