நேரில் பார்த்தவர் யார்?

பள்ளி ஆய்வாளரின் குறிப்பில் பராசரன், 'எதற்கும் கலங்காத ஆசிரியர்'. ஆய்வாளர் வந்த அன்று அவர் பயத்தில் அசையாமல் நின்றதுதான் காரணம். தபால்காரர் வாசலில் நின்றாலே அவருக்கு வியர்த்துவிடும்.

1942 பங்குனியில் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று ஸ்ரீரங்கத்தில் நாளுக்கொரு வதந்தி. பராசரன் தம் இரண்டாம் பாரத்து, அதாவது ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு ஒன்றைப் பழக்கியிருந்தார்: எந்தச் செய்தி வந்தாலும், சொன்னவர் நேரில் பார்த்தாரா என்று கேட்க வேண்டும்.

ஒரு மத்தியானம் தலைமையாசிரியர் ராஜகோபாலன் வகுப்புக்குள் ஓடிவந்தார். "சாயங்காலம் காவிரிப் பாலத்துல குண்டு போடப்போறானாம். பசங்களை இப்பவே அனுப்பிடும் ஓய்."

பாதிப் பையன்களுக்கு வீடு ஆற்றுக்கு அக்கரையில், திருச்சி பாலக்கரையில். வழக்கம்போல் நாலரைக்கு விட்டால், சாயங்காலம் அந்தப் பாலத்தின் மேல்தான் போக வேண்டும்.

அழகிரி மெதுவாகக் கேட்டான். "சார், ஹெட்மாஸ்டர் சொன்னாலும் நேர்ல பார்த்தாரான்னு கேக்கணுமா?"

பெரியவர் வாக்கே பிரமாணம் என்று வளர்ந்தவர் பராசரன். போதாததற்கு, அவருடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் ராஜகோபாலனின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் ராஜகோபாலன் பக்கம் திரும்பினார்.

"நீங்க நேர்ல பார்த்தேளா?"

"சாயங்காலம் விழப்போறதை இப்ப எப்படி ஓய் பார்க்கறது? சம்பந்தி சொன்னார். அவர் பொய் சொல்லுவாரா?"

"மாட்டார். அவருக்கு யார் சொன்னா?"

ராஜகோபாலன் யோசித்தார். "ரயில்ல யாரோ," என்று சொல்லி, முறைத்துவிட்டு வெளியேறினார்.

குண்டு விழவில்லை, கடிதமும் அந்த வருஷம் கையெழுத்தாகவில்லை. பராசரன் பையன்களை அனுப்பாமல், நாலரை மணி வரை, நடுங்கும் குரலில் பூகோளம் நடத்தினார்.