அக்கா கேட்ட காபி

கச்சிராயபாளையத்தில் என் அக்கா கொளஞ்சியம்மாளைக் காபிக்காரி என்றால்தான் தெரியும். கரும்பு வெட்டப் போனாலும் தூக்குவாளியில் காபி போகும். சோறு இல்லாவிட்டால் சமாளிப்பாள். காபி இல்லையென்றால் மேஸ்திரிக்குத்தான் திட்டு விழும்.

போன தை மாத வெட்டில் வரப்பில் தள்ளாடினாள். கதவு சாத்துகிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது. மாசிக்குள் பெற்ற மகள் பெயர் மறந்துவிட்டது. புதுச்சேரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மூளையில் ஒரு புரதம் கெட்டு மற்றதையும் கெடுத்துக்கொண்டே போகிறது, வருஷத்துக்குப் பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருவது, மருந்தே கிடையாது, சில மாதங்கள்தான் என்றார். "அவங்க ஆசப்பட்டதக் குடுங்க" என்றும் சொன்னார். எனக்கு அந்த அம்மாள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

மறுநாளே கள்ளக்குறிச்சியில் ஓமியோபதி பார்க்கிற ஒருவனிடம் அக்காவைக் கூட்டிப்போனேன். "மருந்து இல்லன்னு யாரு சொன்னது? வேரோட புடுங்கிடலாம்" என்று ஒரு சீசா வெள்ளை உருண்டை கொடுத்தான். பூண்டு, பெருங்காயம் ஆகாது. காபி கூடவே கூடாது, மருந்து முறிந்துவிடும் என்றான். எங்கள் பக்கம் காமாலைக்கு மருந்து தின்றாலும் பத்தியம் காக்காமல் விடமாட்டோம். பத்தியம் சொன்னதாலேயே அவனை நம்பினேன்.

அக்காவுக்கு எல்லாம் மறந்தும் காபி மறக்கவில்லை. "ஒரு வாய் குடுடா" என்று என் சட்டையைப் பிடித்துக் கெஞ்சுவாள். ஒருநாள் அவள் புருஷன் சின்னக்கண்ணு மாமா தாங்கமாட்டாமல் அரை டம்ளர் கொண்டுவந்து ஊட்டினார். ஒரு வாய் போயிருக்கும். நான் டம்ளரைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன்.

"இன்னா மாமா, அவளக் கொன்னுடலாம்னு பாக்கறியா?"

"கேட்டுக்கினே இருக்காளேடா" என்று அழுதார்.

பங்குனியில் அக்காவுக்குப் பேச்சு நின்றது. படுத்தவள் எழவில்லை. ஓமியோபதிக்காரனிடம் ஓடினேன். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"காபி குடுத்தீங்களா?"

"ஒரே ஒரு வாய்ங்க."

"அதான் கெட்டுது. இனிமே நான் பொறுப்பு இல்ல."

ஒரு வாய் காபிக்கு முறிகிற மருந்தா அந்த நோயை வேரோடு பிடுங்கும்? சீசாவை அந்த அயோக்கியன் மேசையிலேயே விட்டெறிந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடையில் காபி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா தலையை மடியில் வைத்துக் கரண்டியால் ஊற்றினேன். தொண்டை அசையவில்லை. எல்லாம் கடைவாயில் வழிந்தது.

மாமா துண்டால் துடைத்துவிட்டார். என் அக்கா கடைசியாகக் குடித்தது, நான் பிடுங்குவதற்குள் அவர் ஊட்டிய அந்த ஒரு வாய்தான்.