செல்லக்கிளி பூட்டிவைத்த மாத்திரை

விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்த செல்லக்கிளி, தங்கை மகள் சுகன்யாவை நாலு வயதில் தூக்கி வந்து வளர்த்தவள். தங்கையும் அவள் புருஷனும் எச்.ஐ.வி.யில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பிள்ளைக்கும் பிறவியிலேயே அந்தக் கிருமி உண்டு. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள்கூட மாத்திரை தப்பவிட்டதில்லை.

சொந்த மகள் கோமுவுக்குக் கல்யாணம் கூடியதும், வீடு கொள்ளாத ஆட்கள். செல்லக்கிளி மாத்திரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"சம்பந்தக்காரவுக கண்ணுல பட்டா என்னாவும்? நாலு நாளுதாம்ட்டி."

நாலு நாள், மறுவீடு விருந்து என்று ஐந்து வாரமாக இழுத்தது. சுகன்யா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டது செல்லக்கிளிக்கு வசதியாகத்தான் இருந்தது.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கிருமி மளமளவென்று ஏறியிருந்தது. மாத்திரை விஷயம் பார்க்கும் ரைஹானத் மேடம் சுகன்யாவைக் கேட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"நான்தான் மறந்துட்டேன்க்கா."

செல்லக்கிளி வாயைத் திறந்தாள். "சொன்னா எங்க கேக்குதா? வயசு அப்படி" என்று வந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சுகன்யா, "ஜன்னலோரம் நீங்க இருங்க பெரியம்மை, ஒங்களுக்கு வாந்தி வரும்லா" என்று நகர்ந்து இடம் விட்டாள். செல்லக்கிளியால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி, ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாள்.

"அவ மறக்கல மேடம். நான்தான் பூட்டி வச்சேன். பழியவும் அவ தலையிலயே போட்டுட்டேன்."

ரைஹானத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தண்ணீர் கொடுத்து, மறுபடி எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் சேர்த்தே சொன்னார். வெளியே வந்த சுகன்யா, "இத ஏன் போய்ச் சொன்னீக?" என்று மட்டும் கேட்டாள். கோபமா, அழுகையா, தெரியவில்லை.

ஆறு மாதத்தில் கிருமி அளவு நன்றாக இறங்கிவிட்டது. சுகன்யா பிளஸ் டூ போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் புதிதாக வந்திருந்த ஒரு தாயிடம் ரைஹானத், "இந்த அக்காவக் கேளுங்க, பிள்ளைய எப்படிப் பாத்துக்கிடுதாங்கன்னு" என்றார்.

அந்தப் பெண் ஆவலோடு திரும்பிப் பார்த்தாள். செல்லக்கிளி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் நின்ற சுகன்யாவைக் காட்டி, "எங்கிட்ட கேக்காதிய தாயி, அவகிட்டயே கேளுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.