செவ்வாயும் வெள்ளியும் மருந்து கட்டும் ஊர்

சென்னையில் ஆய்வுப் படிப்பில் இருக்கும் மீனாவை வாகரைப் பக்கத்து வேடர் கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப் போக முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழங்குடிகளின் உடல்நலமும் பாரம்பரிய வைத்தியமும் மீனாவின் தலைப்பு. செய்தியாளனாக அந்தப் பக்கம் பல வருடம் அலைந்தவன் என்பதால் ஒத்துக்கொண்டேன். மழை தொடங்குவதற்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். இதே வேலையாக அங்கே போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

காலை ஆறு மணிக்குக் கல்லடியில் புறப்பட்டேன். பாலம் தாண்டும்போது வாவியில் தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. வான் ஓட்டியவர் ஏறாவூர் ரஹீம் காக்கா. எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எரிபொருளோடு நாள் வாடகை பதினெட்டாயிரம் ரூபா. மீனா பாசிக்குடாவில் தங்கியிருந்தார். ஏழு மணிக்கு வாசலில் நிற்பதாகச் சொன்னவர் நிற்கவில்லை. ஹோட்டலில் காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் தொடங்குமாம். எட்டு மணிக்குக் காக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“மிஸ் இப்பதான் அன்னாசிக்கு வந்திரிக்காங்க சேர். இன்னும் பப்பாசி கிடக்கு.”

எட்டே முக்காலுக்குப் புறப்பட்டோம். பனிச்சங்கேணிப் பாலம் வரை வீதி நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஆறு கிலோமீட்டர் கிரவல் பாதை. தாழ்ந்த காருக்கு அது சரிவராது. போய்ச் சேரும்போது பத்து மணி.

ஊர்ச் சங்கத் தலைவர் ஏழு பெண்களை மரநிழலில் கதிரை போட்டு இருத்தி வைத்திருந்தார். காலையிலிருந்து இருக்கிறார்களாம். முன்வரிசையில் பூமணியக்கா. வலது காலைப் பழைய சீலைத்துண்டால் சுற்றி, இன்னொரு கதிரையில் தூக்கி வைத்திருந்தார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. பெருவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மிச்சக் காலைக் காப்பாற்றும் பாட்டில் இருக்கிறார் என்று தலைவரே சொன்னார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனார்.

மீனா கேள்வித்தாளை விரித்தார். “பழங்குடியினராகிய நீங்கள்” என்று ஆரம்பித்தது.

“அது ஆரு புள்ள?” என்றார் பூமணியக்கா.

“நாமதான் கா” என்றார் பக்கத்துப் பெண். “போன வருசம் வந்த மிஸ்ஸும் அப்பிடித்தான் சொன்னவ.”

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை ஆடு, காட்டுக்கு எத்தனை தரம். நான் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில்தான் காலுக்கு வந்தார்.

“இந்தப் புண்ணுக்கு என்ன பண்றீங்கம்மா?”

“மருந்து கட்டுறதான்.”

மீனா நிமிர்ந்தார். “எந்த இலை?”

“இலையா? வெள்ளைத் துணி, புள்ள.”

“எப்பெப்ப கட்டுவீங்க?”

“செவ்வாயும் வெள்ளியும்.”

மீனா என்னைத் திரும்பிப் பார்த்தார். புதையல் கண்ட முகம். “தெய்வத்துக்கு உகந்த நாளா? யார் கட்டிவிடுவாங்க, பூசாரியா?”

பெண்கள் சிரித்தார்கள். “ஓம், வெள்ளைச் சட்டை போட்ட பூசாரி” என்றார் ஒருத்தி. “பிந்திப் போனா நல்லா ஏசுவார்.”

எங்கள் ஊரில் மருந்து கட்டுவது என்றால் ஆஸ்பத்திரியில் புண்ணைத் துடைத்துப் புதுக் கட்டுப் போடுவது. அதை மீனாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது.

“அக்கா, இண்டைக்குச் செவ்வாய்.”

“அதைத்தான் தம்பி, விடிஞ்சதில இருந்து நானும் நினைச்சிட்டு இரிக்கன். ஏழேகால் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டன். மிஸ் வாறாங்க, நில்லுங்க எண்டாங்க. அதுக்கு மறுகா பஸ் இல்ல.”

“இன்னும் பதினோரு கேள்விதான் சார் இருக்கு” என்றார் மீனா. அவரைத் திட்டவில்லை. வான் கதவைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டர். காக்கா கிரவல் பாதையை எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். வழியில் மீனா தாளைப் பார்க்காமல் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். “உங்க சடங்குல தெய்வம் ஆடுறவங்ககிட்ட இந்தக் காலைக் காட்டினீங்களாம்மா?”

“காட்டாம? தெய்வம் என்ன சொன்னது தெரியுமா? ஆஸ்பத்திரியை விட்டுராத, நான் பின்னால நிக்கன் எண்டு.”

அந்தக் கிராமத்து வைத்தியம் பற்றி அன்று கேட்டதிலேயே உருப்படியான தகவல் அதுதான்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுப்பது பதினொன்றரையோடு முடிந்திருந்தது. தாதி மருந்துத் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார். சீலைத்துண்டு நனைந்திருந்ததைப் பார்த்ததும் குரல் ஏறியது.

“செவ்வாய்க்கிழமை எண்டு தெரியாதா? இவ்வளவு நேரமும் எங்க நிண்ட?”

“ஆராய்ச்சியில, மிஸ்.”

“என்ன ஆராய்ச்சி?”

“நாங்க என்ன மருந்து கட்டுற எண்டு கேக்க வந்தாங்க.”

தாதி எங்களைப் பார்த்தார். தட்டை மறுபடி எடுத்தார். மீனா வாசல்படியில் இருந்துவிட்டார். காக்கா அவருக்கு ஒரு தண்ணிப் போத்தல் கொடுத்தார். புண் பெரிதாகவில்லை, அடுத்த தரம் தவறக் கூடாது என்றார்கள். மூன்று மணிக்கு அக்காவை வீட்டில் இறக்கினோம்.

போகிறவர்களுக்கு: பாசிக்குடாவில் தங்காதீர்கள், வாழைச்சேனையில் தங்கினால் நேரத்துக்குக் கிளம்பலாம். எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லுமுன், அவர்களுக்கு அன்று என்ன வேலை என்று கேளுங்கள். செவ்வாயிலோ வெள்ளியிலோதான் போக முடியுமென்றால், ஏழு மணிக்கு முன்னால் போங்கள். வானில் கால் நீட்டி இருக்கும் அளவுக்கு ஒரு சீட் காலியாக இருக்கட்டும்.