தோளில் மாட்டிய பை

ஆனர்ஸ் ஆராய்ச்சி ஆண்டில் ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவளுடையது. ஒல்லியான உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். வெள்ளிக்கிழமை வந்தால் பத்து பகாட் ஊரிலிருக்கும் வீட்டுக்குப் போகும் பையைத் தோளில் மாட்டியபடியே, குடுவையில் வளரும் செல்களுக்கு உணவு மாற்றுவாள். அதற்குள் பஸ் போய்விடும். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

“அந்தப் பையை இறக்கித்தான் வையேன்.”

“இறக்கினா இங்கயே தங்கிடுவேன் லா. இதுங்கள விட்டுட்டுப் போனா செத்துடும்.”

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பூஞ்சை பிடித்து அத்தனை செல்களும் செத்துக் கிடந்தன.

“இனி யாருக்காக உட்காரணும்? லார்க்கின் ஸ்டேஷன்ல பஸ் இருக்கு, ஓடு” என்றேன்.

அவள் குடுவைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, முதல்முறையாகப் பையை இறக்கி வைத்துவிட்டு, உறைபெட்டியிலிருந்து புதுச் செல்களை எடுத்தாள்.

பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவள் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.