2 கால் மெக்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, இட்லி தின்றுவிட்டு, ராயப்பராஜும் மகள் ரோஸ்மேரியும் சிநேகிதர் பீர் முகமதுவின் கிதார் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டார்கள். கண்ணாடிக் குழல்கள் வைத்த பழைய வால்வு செட். கொடைக்கானலில் வீட்டைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரரிடம் பீர் முகமது வாங்கியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும். அதை இறக்காமல் உள்ளே விரல் விடக்கூடாது. ராயப்பராஜ் இரண்டு ஒயர் பூட்டிய குண்டு பல்பைத் தொட்டு வைத்தார். பல்பு ஒரு தரம் முழித்துப் பார்த்துவிட்டு அணைந்தது. ரோஸ்மேரி மீட்டரை வைத்துக் காட்டினாள். இரண்டு வோல்ட்.

"இனிமே கடிக்காது" என்றார்.

இருந்தும் அவருடைய இடக்கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தெட்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவரின் பழக்கம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதுகூட அந்தக் கை தானாகப் பின்னால் போய்விடும். "கலெக்டரு காபி போட வந்துட்டாரு" என்று ரோஸ்மேரியின் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் கேலி செய்வாள்.

புதன்கிழமையே அவர் வாட்ஸப்பில் எழுதியிருந்தார்: "2 கால் மெக். வாங்கிட்டு வா." வால்வின் அடியில் ஒன்பது ஊசிகள் இருக்கும். ரிப்பேர் பார்ப்பவர்கள் அவற்றைக் கால் என்பார்கள். அவர் வரைகிற படங்களிலும் 1 கால், 2 கால் என்றுதான் இருக்கும். இரண்டாவது காலில் ஒரு மெக், அதாவது பத்து லட்சம் ஓம், ரெசிஸ்டர் நிற்பது வழக்கம். ரோஸ்மேரி எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. திருப்பிக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. கட்டைவிரலைத் தூக்கிய படம் ஒன்றை அனுப்பிவிட்டு, ஒரு மெக் ரெசிஸ்டர் பத்து வாங்கி வந்தாள்.

அவர் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செத்த நேரம் பார்த்தார்.

"பத்தா? திண்டுக்கல்லுக்கே போதும் தாயி" என்றார்.

செல்போன் விளக்கை அவள் பிடித்தாள். அவர் இரண்டாம் காலில் இருந்த பழைய ரெசிஸ்டரைச் சூடு காட்டிக் கழற்றி ஒரு டப்பா மூடியில் போட்டார். புதியதை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். ஐந்து நிமிட வேலை. மூன்று மணி பஸ்ஸில் அவள் கிளம்பினாள்.

வியாழக்கிழமை காலையில் வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உடைத்தார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார். வயது அறுபத்து மூன்று.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலத்தில் பிறந்தவர். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அண்ணன்மார் ஆட்டோடு நின்றுவிட, இவர் மட்டும் ஐ.டி.ஐ. படித்து இருபது வயதில் மில்லுக்கு வந்தார். நூல் சுற்றும் மெஷின்களுக்கு நடுவே யாரும் பேச முடியாது. கையைக் காட்டித்தான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு கோயில் ஸ்பீக்கர், தெரிந்தவர்களின் செட்டு என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போய் ஆறு வருடம். மகள் தினமும் எட்டு மணிக்குப் போன் செய்வாள். கேட்பதற்கெல்லாம் "சரி தாயி, சரி" என்பார். "மாத்திரை தீந்துருச்சாப்பா?" என்றாலும் அதே "சரி"தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், "எழுதி அனுப்பு, அது போதும்" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. ஒருவகையில் சௌகரியமாகவும் இருந்தது. பிறகு வாட்ஸப்பில் சாப்டியா, சாப்டேன். அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள் அவள் தனியாக அந்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்து உட்கார்ந்தாள். உறவினர்கள் போய்விட்டார்கள். அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு நினைப்பைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைசியாக ஒன்று கேட்டார். அதை வாங்கிக் கொடுத்தோம். மற்றது எதையும் சரியாகச் செய்யாவிட்டாலும் அது ஒன்று சரியாக நடந்தது.

மூடியில் கிடந்த பழைய ரெசிஸ்டரை எடுத்து, வேலைப் பழக்கத்தில் மீட்டரில் வைத்தாள். 1.01 மெக். பழுதே இல்லை. பழுதில்லாததை ஏன் கழற்றினார் என்று விளங்கவில்லை. பெட்டியைத் திருப்பினாள். முன்பக்கத் தகட்டில், இரண்டாவது சேனலின் வால்யூமுக்குப் பக்கத்தில் காகித டேப் ஒட்டியிருந்தது. உரித்தாள். புதிதாகத் துளைத்த இரண்டு ஓட்டைகள். ஓரத்தில் பிசிர்கூட இல்லாமல் அரம் போட்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் பீர் முகமது வந்தார். கொடைரோட்டுக்காரர். கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பவர். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலின் ஓரமாகவே உட்கார்ந்தார்.

"மாமா, இந்த ரெண்டு ஓட்டை என்னத்துக்கு?"

"பேஸுக்கு ஒண்ணு, டிரெபிளுக்கு ஒண்ணு. இந்தச் சேனல்ல வெறும் வால்யூம்தான பாப்பா இருந்துச்சு. மண்டபத்துல கத்துறதுக்கு மொத சேனல் இருக்கு, வீட்டுல மெதுவாப் பேசுறதுக்கு இத மாத்திக் குடுங்கண்ணேன்னு கேட்டேன். ரெண்டு கன்ட்ரோல் வேணும், கால் மெக், மக வாங்கிட்டு வரும்னாரு."

கால் மெக். ஒரு மெக்கில் கால்வாசி. திருகுகிற கன்ட்ரோல். அதில் இரண்டு. அவர் கால் என்பதை மெக்கோடு சேர்த்து எழுதினார். அவள் அதை இரண்டோடு சேர்த்துப் படித்தாள்.

"நான் தப்பா வாங்கிட்டு வந்துட்டேன் மாமா."

"சொன்னாரு. பத்து ரெசிஸ்டர வச்சுக்கிட்டு புள்ள நிக்கிது பாய், என்னத்தச் சொல்ல, ஒண்ண மாட்டி விட்டுட்டேன்னு சிரிச்சாரு."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ நாலு கேள்வி கேப்ப. நீ பேசுறது அவருக்கு எங்க கேக்குது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காது போச்சே பாப்பா. மில்லு தின்னுருச்சு. தடிச்ச குரலு கேக்கும், பொம்பளக் குரலு பிடிபடாது. தெரியாதா உனக்கு?"

தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள்.

"கீச்சுச் சத்தமும் கேக்காது. டிரெபிளத் திருகும்போது நான் எதுக்க நிப்பேன். போதும்னா கையத் தூக்கணும். ஒருநா வெளயாட்டுக்குத் தூக்காம நின்னேன். தெருநாயி பூராங் குலைக்குது, மனுசன் திருகிக்கிட்டே இருக்காரு." சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாத்திரைக்குச் சொன்ன சரி. காய்ச்சலா என்றதற்குச் சொன்ன சரி. வீட்டுக்கு வரவா வேண்டாமா என்று கேட்டதற்குச் சொன்ன சரி. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கையில் இருந்த மீட்டரை அணைத்து வைத்தாள்.

"ஒரு சேனலே எனக்குப் போதும் பாப்பா. இப்படியே ஆட்டோல ஏத்திக்கிறேன். நீ வேலைக்குப் போகணும்ல."

"வேண்டாம் மாமா. முடிச்சே தாரேன். ஆன்லைன்ல போட்டா ரெண்டு நாள்ல வந்துரும்."

"அண்ணன் அப்படி வாங்க மாட்டாரே. ஒவ்வொண்ணாக் கையில திருகிப் பாக்கணும். கரகரன்னு இருந்தா கடைக்காரன் மூஞ்சிக்கு நேரா நீட்டிருவாரு." பீர் முகமது ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார். "வெள்ளிக்கிழமை ரயில்ல மதுரைக்குப் போவோம், நீ கொடைரோட்டுல ஏறிக்கன்னு சொல்லியிருந்தாரு. கடைசிப் பெட்டில உக்காந்திருப்பேன், தேடாதன்னாரு."

அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவரை அடக்கம் செய்தார்கள். மதுரையில் கால் மெக் கன்ட்ரோல் இரண்டு வாங்க வேண்டும். அவள் இன்னும் வாங்கவில்லை.