மாடு மேல் இடித்த வண்டி

வெள்ளைக் காரைப் பார்த்தால் நான் முதலில் அதன் இடது பக்க முகப்பைத்தான் பார்ப்பேன். எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை அவருக்கு. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்தவரை, புதுவாயல் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. நல்ல சித்திரை வெயில். சைக்கிள் ஹேண்டில்பாரில் வெள்ளை பெயின்ட் ஒட்டியிருந்தது, ரோட்டில் இடது ஹெட்லைட் கண்ணாடி சிதறிக் கிடந்தது. அதைத் தவிர ஒரு துப்பும் இல்லை. வண்டியும் கிடைக்கவில்லை, ஓட்டினவனும் கிடைக்கவில்லை.

"வெள்ளை வண்டி எத்தினி ஓடுது தெரியுமாம்மா?" என்று ஸ்டேஷனில் என்னையே கேட்டார்கள். தெரியாமல் என்ன? பஸ் ஸ்டாப், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வாசல், எங்கே போனாலும் வெள்ளைதான். ஒவ்வொன்றிடமும் குனிந்து பார்த்திருக்கிறேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

இந்த வருஷம் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அவளைப் பைக்கில் உட்காரவைத்து மகன் செக்கப்புக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் திரும்பி வருகிற வரைக்கும் நான் வாசலிலேயே நிற்பேன். அதே ரோடு, லாரிகளுக்கு நடுவில். "பழசா இருந்தாலும் பரவால்ல, ஒரு காரு வாங்குடா" என்று அவன் உயிரை எடுத்ததே நான்தான். திருவள்ளூரில் பழைய கார் விற்கிற ஒருவரிடம் நல்ல வண்டி இருக்கிறது என்று கண்டுபிடித்தான். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனோம்.

போய் நின்றால், வெள்ளை.

"ஏன்டா, உனக்கு வேற கலரே கெடைக்கலியா?"

"திருப்பி விக்கும்போது வெள்ளைக்குத்தான்மா மவுசு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அவனுக்கும் தெரியும்தானே.

போனில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தான். ஒரே ஓனர், லோன் பாக்கி இல்லை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறது. வெள்ளத்தில் முழுகின வண்டியா என்று சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, சேறு படிந்த கறை இருக்கிறதா என்று பார்த்தான். கால்மிதியைத் தூக்கி மோந்தும் பார்த்துவிட்டான். எல்லாம் சுத்தம். "கவர்மென்ட் உத்தியோகம் நைனா, பூ மாதிரி வச்சிக்கினு இருந்தாரு" என்றார் டீலர், பெற்ற பிள்ளையைத் தட்டுவது போல வண்டியைத் தட்டிக்கொண்டு.

நான் இடது பக்கம் போனேன். சக்கரத்துக்கு மேலே வலது ஃபெண்டர் தகட்டைத் தட்டினால் டங்கென்று தகரச் சத்தம். இடதைத் தட்டினால் டொப்பென்று அடைத்த சத்தம், நசுங்கின பள்ளத்தை மறைக்கப் பட்டி வைத்துப் பூசியிருக்கிறான். வலது ஹெட்லைட் மஞ்சளாய் மங்கியிருந்தது. இடது மட்டும் பளிச்சென்று புதுசு. பானட்டைத் திறக்கச் சொன்னேன். அந்தப் பக்கத்து போல்ட்டுகளில் மட்டும் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் பெயர்ந்திருந்தது.

"இது அடிபட்ட வண்டி."

"அய்ய, அது ஒண்ணும் இல்லக்கா. மாடு குறுக்க வந்துச்சாம். தட்டி எடுத்து பெயின்ட் போட்டாங்க, அவ்ளோதான்."

மாடு! எங்கள் ரோட்டில் அடிபட்ட வண்டி எதைக் கேட்டாலும் மாட்டின் மேல்தான் இடித்திருக்கும். மெக்கானிக்கிடமும் மாடு, பெண்டாட்டியிடமும் மாடு, வாங்க வருகிறவனிடமும் மாடு. இத்தனை மாடு செத்திருந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு டம்ளர் பால் கிடைத்திருக்காது.

"இன்சூரன்ஸ்ல கிளெய்ம் ஒண்ணும் காட்டலியேம்மா" என்றான் மகன். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மாடுதான் என்றால் ஓனர் உரிமையோடு கிளெய்ம் கேட்டு வாங்கியிருப்பான். இவன் கைக்காசைப் போட்டு, யாருக்கும் தெரியாமல் சரி பண்ணியிருக்கிறான்.

"வேணாம்மா, கெளம்பலாம்." மகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"இருடா. இது அந்த வண்டியா இல்லியான்னு தெரிஞ்சிக்காம நான் வரமாட்டேன்."

டீலருக்கு எங்கள் கதை தெரியாது. "இன்னாக்கா பேஜாரா கீது உங்களாண்ட! ஓனரையே கேட்டுக்கோங்க" என்று நம்பரைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்தார். நான் வாசல் கேட் பக்கம் நகர்ந்தேன். மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

"சார், உங்க வண்டிய பாக்க வந்திருக்கேன். மாடு மேல இடிச்சிதாமே?"

"ஆமாம்மா, மாடு குறுக்க வந்துடுச்சு." பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

வாயில் வந்தபடி திட்ட வேண்டும் என்றுதான் போனை வாங்கினேன். வந்தது வேறு. "அய்யோ பாவம். மாடு பொழச்சிதா சார்?" சாமர்த்தியமாகக் கேட்கவில்லை. தானாக வந்துவிட்டது.

அந்தப் பக்கம் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது.

"தெரியலம்மா. நான் வண்டிய நிறுத்தல."

"நிறுத்தலன்னா மாடுன்னு எப்பிடி சார் தெரிஞ்சிது?"

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "செம மழைம்மா. வெள்ளையா என்னமோ குறுக்க வந்துச்சு. மாடாத்தான் இருக்கணும். மாடாவே இருக்கட்டும்னு தெனம் சாமிகிட்ட வேண்டிக்கினு இருக்கேன். அன்னியிலிருந்து அந்த வண்டிய தொடவே கை வரலம்மா."

"எங்க சார் அது?"

"சோழவரம் ஏரிக்கரையாண்ட."

"புதுவாயல் இல்லியே? நல்லா நெனச்சி சொல்லுங்க."

"அந்த எடம் எனக்கு மறக்குமாம்மா? ஏரிக்கரைதான். நீங்க யாரு?"

பதில் சொல்லாமல் கட் பண்ணிவிட்டேன். புதுவாயல் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் போன அன்றைக்கு ஒரு சொட்டு மழையும் இல்லை. கேட் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். இந்தச் சக்கரம் அவர் மேல் ஏறவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே மழையில் குறுக்கே வந்த அந்த வெள்ளை என் கண்முன் வந்து நின்றது. மழைக்குத் தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரையில் ஆள் போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் வெள்ளைதான்.

மகன் என் முன்னால் குந்தினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "அப்பாவ அடிச்ச வண்டி இது இல்லல்லம்மா?"

"இல்லடா."

அப்படி ஒரு மூச்சு விட்டான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது.

"அப்ப எடுத்துக்கலாமா?"

பளாரென்று ஒன்று விடக் கை எழுந்தது. ஆனால் அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் மனசும் அதைத்தான் கேட்டிருந்தது.